மாலை போடாத படம்

தயாநிதி அக்கா வீட்டுக்கு யாரும் பூ வாங்கிக்கொண்டு போவதில்லை. பிறந்தநாளென்றால் சொக்கிலேற், தீபாவளியென்றால் பலகாரம். ஏழு வருடத்துக்கு முன்னர், ஜெனீவாவுக்குப் புதிதாக வந்த ஒருத்தி விஷயம் தெரியாமல் கோவிலில் மிஞ்சிய பூச்சரத்தை ஆசையாகக் கொண்டுபோய், சுவரில் இருந்த படத்துக்குப் போடக் கையை உயர்த்தினாள். அக்கா அவளின் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்தது. பிறகு அக்காவே தேத்தண்ணி போட்டுக் கொடுத்து, உடைந்த வளையலுக்குப் புது வளையலும் வாங்கிக் கொடுத்தார். ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

படத்தில் இருப்பவர் அவருடைய கணவர் குகதாசன். நீலச் சட்டை, பக்கவாட்டில் வாரிய தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். கலியாணமாகிய புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த படத்தில் அவரை மட்டும் வெட்டிப் பெருப்பித்தது. வெட்டியவன் சரியாக வெட்டவில்லை. ஓரத்தில் அக்காவின் தோள் ஒரு விரலளவு மிஞ்சியிருக்கிறது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. படத்துக்கு மாலை விழுந்தால் ஆள் இல்லை. குகதாசன் இல்லை என்று சொல்ல அக்காவிடம் ஒரு சாட்சியும் கிடையாது. கிளிநொச்சியில் வானொலி திருத்துகிறவர் அவர். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், போரின் கடைசி நாட்களில், வட்டுவாகல் பாலத்தை நோக்கிச் சனம் நெரிபட்டு நடந்துகொண்டிருந்தபோது, திருத்துகிற சாமான் பையைப் பங்கருக்குள், பதுங்கியிருந்த குழிக்குள், விட்டுவிட்டேன் என்று சொல்லித் திரும்பிப் போனார். வரவில்லை. அக்காவின் இடுப்பில் இரண்டு வயது முடியாத மகள் கோபிஷா இருந்தாள். பதினாறு வருடமாக அக்கா எல்லாரிடமும் சொன்னது இதைத்தான். காணாமற் போனவர்களைத் தேடும் படிவத்தைப் பிரெஞ்சில் நிரப்பிக் கொடுத்தவள் நான். கடைசியாகக் கண்டது எப்போது என்ற கேள்விக்கு நேரே, 'சாமான் பை எடுக்கத் திரும்பினார்' என்று என் கையாலேயே எழுதினேன்.

நான் யசோதரா. டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் அரச கந்தோர்களிலும் எங்கள் சனத்துக்காகப் பிரெஞ்சு கதைப்பது என் தொழில். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது, கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். வாய் நீளம் என்று பெயரெடுத்த எனக்கு இப்படியொரு தொழில் அமைந்தது ஆண்டவனின் பகிடி.

அக்காவுக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. காலையில் ஆறு மணிக்கு நின்றால், பட்டியில் நகர்ந்து வரும் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு ஒவ்வொன்றாக மூடி போட வேண்டும். அங்கே சங்கிலி, மோதிரம் ஒன்றும் போடக் கூடாது. மற்றப் பெண்கள் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுவார்கள். அக்கா தாலியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் ஊசியால் குத்தி வைத்திருப்பார். வெள்ளிக்கிழமை கோவிலில் அர்ச்சனைச் சீட்டில் மூன்று பெயர் எழுதுவார். குகதாசன், பூரட்டாதி என்று வரும் இடத்தில் ஐயர் ஒருமுறை தயங்கினார். "நட்சத்திரத்தை வடிவாச் சொல்லுங்கோ ஐயா, சாமிக்கு ஆள் விளங்க வேணும்" என்றார் அக்கா. அதற்குப் பிறகு ஐயர் தயங்கியதில்லை.

இனி அந்தப் பிரெஞ்சுக்காரன் கதைக்கு வருகிறேன்.

எத்தியன் வோப்ரெல். லியோன் நகரத்து ஓவியன். அவனை எனக்குக் கைத்தொலைபேசியில் இரண்டு வருடமாகத் தெரியும். நகரச் சதுக்கங்களில் போய் நிற்பான். யாராவது தம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒருவரின் படத்தை வைத்திருந்தால், கேட்டு அதைப் படம்பிடித்துப் போய், ஆள் உயர மட்டையில் வண்ணக்கட்டியால் கீறுவான். கீறுவதை வீடியோ எடுத்துப் போடுவான். முகத்தைச் சுற்றி அவரவர் நாட்டுப் பூக்களை வைப்பது அவன் முத்திரை. அவன் கீறும்போது கண் மட்டும் கடைசியில் வரும். அது வந்ததும் மட்டையில் இருந்து ஒருவர் எழுந்து பார்ப்பார். அதற்காகவே பத்தொன்பது லட்சம் பேர் அவன் பின்னால் அலைகிறார்கள். அதில் நானும் ஒருத்தி. நாற்பத்தாறு வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மே மாதம் ஐ.நா. முன்றலில், கால் முறிந்த அந்தப் பெரிய நாற்காலிச் சிலைக்குக் கீழே, போரில் போனவர்களை நினைத்து வழக்கம்போலக் கூடினோம். படங்களை ஏந்தி வருபவர்கள் அங்கே தாங்களாகவே இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள். மாலை போட்ட படங்கள் ஒரு பக்கம், மாலை இல்லாதவை இன்னொரு பக்கம். அக்கா இரண்டாவது பக்கத்தின் முதல் ஆள். அங்கேதான் வோப்ரெல் வந்து நின்றான். விரலெல்லாம் வண்ணத்தூள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது என்பதை ஒளிக்க மாட்டேன். அக்காவுக்கு நான்தான் அவனை அறிமுகப்படுத்தினேன், ஏதோ என் சொந்தப் பிள்ளை மாதிரி.

"பெரிய ஆள் அக்கா. லட்சக்கணக்கான சனம் பாக்கும். உங்கட அவரைக் கீறட்டோ எண்டு கேக்கிறார்."

"லட்சக்கணக்கான சனமோ?" அக்கா படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப எங்கையாவது ஒரு ஆள் கண்டு பிடிக்குமெல்லோ?"

அவன் இன்னொன்றும் கேட்டான். கேட்டபடி மொழிபெயர்த்தேன். "உங்கட நாட்டுப் பூவைச் சுத்தி வைச்சுத்தான் கீறுவாராம். பறவாயில்லையோ எண்டு கேக்கிறார்."

"பூவுக்கென்ன, நல்லம்தானே. அவருக்குப் பூமரம் எண்டால் விருப்பம்" என்றார் அக்கா.

நான் மனதில் கண்டது அவருக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி மரம். அக்கா எதைக் கண்டாரோ தெரியாது. பூ என்று சொல்லும்போது எங்கள் இருவரில் ஒருத்திக்காவது மாலை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பதினொரு நாள் கழித்து, டிராமில் போய்க்கொண்டிருக்கும்போது அது என் தொலைபேசியில் வந்தது. நீலச் சட்டையைக் கண்டதும் என் பெருவிரல் பழக்கத்தில் இதயத்தை அழுத்திவிட்டது. அழுத்திய பிறகுதான் பார்த்தேன். கழுத்தில் இருந்து நெஞ்சு வரை தடித்த செம்மஞ்சள் பூமாலை. பாவம், அவன் எங்கள் நாட்டுப் பூ எது, மனிதரின் படத்தோடு அதை எப்படி வைப்பார்கள் என்று இணையத்தில் தேடியிருக்கிறான். மாலை போட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். மரியாதை என்று நினைத்துச் செய்தது. அக்காவின் தோள் இருந்த ஓரத்தையும் பூவால் மூடிவிட்டான். நான் அடுத்த தரிப்பில் இறங்கி, எங்கே இறங்கினேன் என்று தெரியாமல் நின்றேன். என் இதயத்தைத் திருப்பி எடுத்தேன். அதற்குள் அங்கே எண்பதாயிரம் இதயங்கள் இருந்தன.

ஒரு கிழமையில் அதைப் பார்த்தவர்கள் நாற்பத்தொரு லட்சமானார்கள். அவன் கீறிய எதையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊரோ இப்போது ரொறன்ரோ முதல் மெல்பேர்ண் வரை நீண்டு கிடக்கிறது. மாலையைக் கண்ட சனம் ஒருவழியாகச் செய்தி வந்துவிட்டது என்று முடிவு கட்டியது. அக்காவின் தொலைபேசி ஓயவில்லை. 'இப்பவாவது மனசை ஆத்திக்கொள்ளும்' என்றார்கள். 'எப்ப அறிஞ்சனீர்?' என்றார்கள். கோவிலால் தெரிந்த ஒரு அம்மா, சாவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று, சோறும் பருப்பும் அடுக்குச் சட்டியில் கட்டிக்கொண்டு மெய்ரனில் இருக்கும் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். அக்கா கதவைத் திறந்து, சட்டியைப் பார்த்து, "இஞ்சை அடுப்பு எரியுதம்மா" என்றார். அந்த அம்மா சட்டியோடு திரும்பிப் போனார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு குகதாசன் எங்கும் வரத் தொடங்கினார். டிராமில் முன்னிருக்கையில் இருந்த பிள்ளையின் கையில் வந்தார். சமையலறையில் கூட வேலை செய்யும் போர்த்துக்கீசப் பெண், யாரென்று தெரியாமலே, அவரைத் தன் தொலைபேசியின் முகப்பில் வைத்திருந்தாள். யாரோ ஒருவர் துணிப்பையில் அடித்து விற்றார்கள். பஸ் தரிப்பில் ஒரு கிழவியின் தோளில் அந்தப் பை தொங்க, மாலையும் கழுத்துமாக எங்களைப் பார்த்துக்கொண்டு போனார். பதினாறு வருடம் வராத மனிதர் ஒரே மாதத்தில் நாளுக்கு நாலு தரம் வந்தார். ஒவ்வொரு முறையும் செத்தவராக வந்தார். அக்கா ஒவ்வொரு முறையும் கை வைத்துச் சட்டைப் பையைத் தடவுவார்.

"அழிக்கச் சொல்லுவம் அக்கா. ஒரு சொல்லுச் சொன்னால் எடுத்துப்போடுவான்" என்றேன்.

அக்கா தொலைபேசியை நீட்டினார். படத்தின் கீழ் முப்பத்தெட்டாயிரம் பின்னூட்டங்கள். வேலை இடைவேளையில் ஒவ்வொன்றாக வாசிக்கிறாராம். கொரியன், துருக்கி, எதுவென்றாலும் கோபிஷா மொழிமாற்றிக் கொடுக்கிறாளாம்.

"நாப்பது லட்சம் சனம் பாத்திருக்கு, யசோ. நான் அந்த நாற்காலிக்குக் கீழ நூறு வருசம் நிண்டாலும் இவ்வளவு சனம் பாக்காது. ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கும். மாலையோட விட்டால் நானே அவரைச் சாக்குடுத்த மாதிரி. எடுத்தால் தேடுறதை விட்ட மாதிரி. நான் என்ன செய்ய?"

வாசித்த மட்டில் எல்லாம் 'என்ன அழகான கண்கள்', 'அழுதுவிட்டேன்', கைகூப்பு, இதயம். ஒருவரும் 'இவரை எனக்குத் தெரியும்' என்று எழுதவில்லை. எனக்கு எரிச்சல் பொங்கியது. அழகான கண்ணாம். அந்தக் கண் என்னத்தைக் கண்டது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் இரண்டும் கெடாத வழி ஒன்றைக் கண்டுபிடித்தோம். வோப்ரெலுக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். நல்ல மனிதன், அரை மணித்தியாலத்தில் அழைத்தான். மாலையைத் துடைத்துவிட்டு, வெறும் முகத்தோடு திரும்பக் கீறி, இவர் தேடப்படுகிறார் என்று எழுதிப் போடுவதாகச் சொன்னான். வியாழக்கிழமை செய்வதாக வாக்குக் கொடுத்தான். அக்கா அன்றிரவு ஒரு மாதத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டதாகக் கோபிஷா சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை அவனிடம் இருந்து எனக்கு ஒரு தகவல். 'இது தனிப்பட என் பெட்டிக்குள் மூன்று நாளுக்கு முன்னர் வந்திருக்கிறது. உங்கள் மொழி போல் இருக்கிறது. என்ன சொல்கிறார்கள்?'

தமிழில் இருந்தது.

'வணக்கம். இந்தப் படத்தில் இருக்கிற அண்ணையை எனக்குத் தெரியும். நான் பேர்ணில இருக்கிறன். ஒவ்வொரு மே மாதமும் ஜெனீவாக்கு வாறனான். அந்த அக்கா மாலை இல்லாத படத்தோட நிக்கிறதைக் கண்டு ஒவ்வொரு முறையும் கிட்டப் போயிட்டுத் திரும்பியிருக்கிறன். எனக்கு வாய் வரேல்லை. இப்ப மாலையோட கண்டன். அவைக்குத் தெரிஞ்சிட்டுது, இனிச் சொல்லலாம் எண்டு எழுதுறன். அண்ணை தனியச் சாகேல்லை. நான் பக்கத்தில இருந்தனான். நாங்கள் மூண்டு பேர் அவரைப் பங்கருக்குள்ள வைச்சு மண் போட்டனாங்கள். கையில மஞ்சள் மூடி போட்ட பால் போத்தல் ஒண்டு வைச்சிருந்தவர். பிள்ளையின்ரயாக்கும். அக்காக்குச் சொல்லிவிடுங்கோ. அருட்செல்வன்.'

முதல் வரிகளை வாசிக்கும்போது குகதாசனே என்று நினைத்தேன். பால் போத்தல் என்று வந்ததும் மூச்சு வந்தது. எங்கள் ஆள் சாமான் பை எடுக்கத் திரும்பியவர். படிவத்தில் நானே எழுதியது. அப்படியென்றால் இது வேறு யாரோ. அந்த நெரிசலில் இதே சாயலில் ஒருவரா இரண்டு பேரா இருந்திருப்பார்கள்? பாவம், ஆளை மாறி நினைக்கிறார். அந்த நம்பிக்கையில்தான், ஒளிக்காமல், பின்னேரம் அக்கா வேலையால் வந்ததும் நேரே போனேன்.

அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றார். "ஒரு ஆள் எழுதியிருக்கிறார் அக்கா. பயப்பிடாதேங்கோ, எங்கட ஆள் இல்லை. இது பால் போத்தலோட நிண்ட வேற ஆரோவாம்" என்று தொலைபேசியைக் கொடுத்தேன்.

அவர் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்து, திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். கையில் இருந்த ஈரச்சட்டை சொட்டிக்கொண்டே இருந்தது.

"மஞ்சள் மூடி," என்றார்.

"அதுதான் அக்கா. சாமான் பை இல்லை."

"சாமான் பை நான் சொன்ன கதை, யசோ."

அக்கா தொலைபேசியைத் திருப்பித் தந்தார்.

"பிள்ளை பாலுக்குக் கத்தினது. போத்தலைப் பங்கருக்குள்ள விட்டிட்டு வந்தது நான். போய் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு கலைச்சதும் நான். அவர், வேண்டாம், அங்கால போனால் ஏதும் கிடைக்கும், நடவும் எண்டு சொன்னவர். நான் ஏசினனான். அந்தச் சனத்துக்குள்ள வைச்சு ஏசினனான்." ஈரச்சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். "உன்ர போத்தலுக்குத்தான் அப்பா போனவர் எண்டு பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுவன்? அதுதான் சாமான் பை. அவர் வந்திருந்தால் அது ஒரு கதையே இல்லை. வந்து என்னைப் பேசியிருப்பார், அவ்வளவுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பதினாறு வருடம் அக்கா மாலை போடாமல் காத்தது அவரை மட்டும் அல்ல. அந்த மாலை விழுந்தால், அனுப்பியவள் தான் என்பதும் கூடவே விழும். எனக்கு அழுகை வந்தது. அக்கா அழவில்லை. சட்டையை உதறிக் கொடியில் போட்டு, இரண்டு கவ்வி மாட்டினார்.

"அந்தப் பொடியன் எத்தினை மே மாதம் வந்து திரும்பிப் போயிருக்கும்?" என்றார். "நான் படத்தை வெறுங்கழுத்தோட பிடிச்சுக்கொண்டு நிண்டு, சொல்ல வந்தவனின்ர வாயை அடைச்சிருக்கிறன்."

"வியாழக்கிழமை வோப்ரெல் மாலையைத் துடைக்கப் போறான் அக்கா."

"வேண்டாம். பூ இருக்கட்டும். வேற ஆரும் இருப்பினம், எனக்குச் சொல்ல ஏலாமல் இருந்த ஆக்கள்."

கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் எழுதி அனுப்பினேன். அவன் காரணம் கேட்டான். நான் சொல்லவில்லை. ஒரு இதயம் அனுப்பினான். நான் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கோபிஷா பள்ளிக்கூடத்தால் வரும் சத்தம் கேட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். உள்ளே அவர்கள் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

ஆடி அமாவாசை, தகப்பன் இல்லாத பிள்ளைகள் விரதம் இருக்கும் நாள். கோபிஷா அந்த வருடம்தான் முதல்முறை இருந்தாள். தமிழ்க் கடையில் மாலை வாங்கி வந்து, கதிரையில் ஏறித் தானே படத்துக்குப் போட்டாள். போடும்போது படத்தின் ஓரத்தில் இருந்த அக்காவின் தோள் மறையாமல் பூவை ஒதுக்கி விட்டாள். அக்கா அன்றைக்குக் கட்டாயம் சமைக்கிற காத்தோட்டிக்காய் தேடி ஜெனீவா முழுக்க அலைந்து, கிடைக்காமல், வாழைக்காயில் மூன்று கறி வைத்திருந்தார். விரதச் சாப்பாட்டுக்கு என்னைத் தவிர வெளியில் இருந்து ஒருவரைத்தான் அழைத்திருந்தார்.

அருட்செல்வன் பேர்ணில் இருந்து ரயிலில் வந்தார். ஐம்பதை நெருங்கிய, தலை நரைத்த மனிதர். அக்கா இன்னும் பொடியன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்க்காமல், வாசலையே பார்த்தபடி இலைக்கு முன்னால் இருந்தார். அக்கா சோறு போட வந்தவர், அகப்பையோடு நின்றுவிட்டார்.

"அவர் தண்ணி கேட்டவரோ?"

"இல்லை அக்கா." அருட்செல்வன் வாசலில் இருந்து முகத்தைத் திருப்பினார். "போத்தலைத்தான் நீட்டினவர். பிள்ளை கத்தும், கொண்டுபோய்க் குடு எண்டவர். பாலத்தடியில நிக்கினம் எண்டு சொன்னவர். நான் வாங்கேல்லை அக்கா. பயத்தில வாங்கேல்லை. அவரின்ர கையிலயே விட்டிட்டு மண் போட்டிட்டம்."

அக்காவின் அகப்பையில் இருந்து சோறு நிலத்தில் சிந்தியது. கோபிஷா எழுந்து வந்து, தாயின் கையில் இருந்து அகப்பையை வாங்கினாள். அருட்செல்வனுக்கு முன்னால் குந்தியிருந்து, இலையின் நடுவில் சோற்றை வைத்தாள்.

"சாப்பிடுங்கோ மாமா," என்றாள். "ஆறப் போகுது."